ஓரத்துக்கோழியும் நடுநீர்க்கோழியும்

பொங்கல் கழிந்த வாரம், காலை ஆறரை மணி. உத்திரமேரூர் ஏரியில் மதகுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் ஒரு முழம் பின்வாங்கியிருந்த இடத்தில் சேறு இன்னும் இளகலாகவே இருந்தது. யாரோ ஈர்க்குச்சியால் கோலம் போடத் தொடங்கிப் பாதியில் விட்டுப் போனதுபோல அதன்மேல் காலடித் தடங்கள். முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. நடுவிரல் என் சுண்டுவிரல் நீளத்துக்குக் குறையாது, தடிமனோ ஈர்க்குச்சி அளவுதான். இவ்வளவு குழைந்த சேற்றிலும் தடம் ஆழப் பதியவில்லை. அது போன வழியே பார்வையை ஓட்டினால் சம்புப் புதருக்குள் நுழைந்து காணாமல் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். ஏரியின் நடுவில் கறுப்பு உருண்டைகளாக ஒரு கூட்டம் மிதந்துகொண்டிருந்தது. பைனாகுலரில் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடக் கரையை நெருங்கவில்லை.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நான் சேற்றைக் குனிந்து பார்ப்பதைப் பார்த்து நின்றார். "இன்னா சார், எதனா வுழுந்துடுச்சா?" என்றார். தடத்தைக் காட்டினேன். "இது தாழைக்கோழி காலு. தோ நடுவுல கெடக்குது பாரு, அது நாமக்கோழி. அது இங்கல்லாம் வராது."

"ஏன் பெரியவரே வராது?"

"அதுக்கு இங்க இன்னா வேல?"

கேள்விக்குப் பதில் கேள்வியாகவே வந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரே குடும்பம், ஒரே கறுப்பு, ஒரே ஏரி. ஒன்றுக்கு ஓரத்தில் வேலை, மற்றதற்கு நடுவில் வேலை. இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

பெயரில் கோழி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டுமே கோழி இல்லை. நீந்தினாலும் வாத்தும் இல்லை. ராலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் சுமார் 150 இனங்கள் உள்ள இந்தக் குடும்பம், சாரசக் கொக்குகள் இடம்பெறும் பெருவரிசைக்குள் வருகிறது. நம் ஊர்க் கொல்லையில் வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும் வெள்ளை மார்புக் கானாங்கோழியும், தாமரைக் குளங்களில் நீலமும் ஊதாவுமாய் நிற்கும் நீலத் தாழைக்கோழியும் இதே வீட்டுப் பிள்ளைகள்தாம். கானாங்கோழியைக் 'காணாங்கோழி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கண்டவுடன் காணாமல் போகும் பறவைக்கு அந்த எழுத்துப்பிழை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தமிழ் இந்த இரண்டு பறவைகளுக்கும் பெயர் வைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தாழைக்கோழிக்கு அது ஒளியும் புதர் பெயரானது. நாமக்கோழிக்கு நெற்றியில் இருப்பது பெயரானது. ஒன்றை இருப்பிடத்தால் அறிந்தோம், மற்றதை முகத்தால் அறிந்தோம். ஒளியும் பறவையின் முகத்தை யார் நின்று பார்த்தார்கள்? காஞ்சிபுரத்துக்காரர்களிடம் நாமக்கோழி என்று சொன்னால் வடகலையா தென்கலையா என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. அலகிலிருந்து நெற்றிக்கு ஏறும் அந்த ஒற்றை வெள்ளைப் பட்டையில் இரு தரப்பும் வாதாட இடமிருக்கிறது.

சங்க இலக்கியத்தில் கம்புள் என்றொரு நீர்ப்பறவை வருகிறது. ஐங்குறுநூற்றின் மருதத் திணைப் பாடல் ஒன்று அதன் நெற்றி வெள்ளை என்கிறது, அதன் பேடை கரகரத்த குரலில் தன் இனத்தோடு சேர்ந்து வயலில் கத்துகிறது என்கிறது. எந்தப் பறவை அது? நெற்றி சிவந்த தாழைக்கோழிக்கு வாய்ப்பே இல்லை. வெள்ளை நெற்றி, கூட்டம் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் நாமக்கோழி என்று வாதிடலாம். ஆனால் நாமக்கோழி திறந்த நீரை விட்டு வயலுக்கு எளிதில் வருவதில்லை. வயலையும் கரகரத்த குரலையும் பிடித்துக்கொண்டால் கானாங்கோழிதான் பொருந்தும். அதற்கு நெற்றியிலிருந்து வயிறு வரை வெள்ளை. என் சாய்வு கானாங்கோழி பக்கம். நெற்றியை மட்டும் ஏன் புலவர் சொன்னார் என்ற உறுத்தல் மிச்சமிருக்கிறது. அந்த மருதப் பாடல்களைப் பாடியவர் பெயர் ஓரம்போகியார். ஏரி ஓரத்தில் நின்று இதை யோசிக்கும்போது அந்தப் பெயர் சிரிப்பு மூட்டாமல் இருப்பதில்லை.

அறிவியலும் இந்த இரண்டையும் பிரிக்கச் சற்றுத் தயங்கியே பிரித்தது. 1758இல் கார்ல் லின்னேயஸ் தம் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் இரண்டையும் ஃபுலிகா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். நாமக்கோழி ஃபுலிகா ஏட்ரா, தாழைக்கோழி ஃபுலிகா குளோரோபஸ். இரண்டே ஆண்டுகளில், 1760இல், பிரெஞ்சு அறிஞர் பிரிஸ்ஸோன் கல்லினூலா என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். தாழைக்கோழி அங்கே குடிபெயர்ந்தது. கல்லினூலா என்றால் சிறுகோழி. குளோரோபஸ் என்றால் பச்சைக் கால். சேற்றில் தடம் பார்த்துக் காலால் அடையாளம் சொன்ன பெரியவரும் லின்னேயஸும் ஒரே கட்சி.

சிக்கலெல்லாம் காலில்தான் இருக்கிறது. தாழைக்கோழியின் விரல்கள் நீண்டவை, மெலிந்தவை, விரலிடைச் சவ்வு கிடையாது. சுமார் 250 முதல் 400 கிராம் வரையிலான எடை அந்த நீண்ட விரல்களின் மேல் பரவிவிடுவதால் அல்லி இலைமேலும் மிதக்கும் கோரைச் சருகின்மேலும் அது நடக்கிறது. சாய்ந்த சம்புத் தண்டைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரத்தின் கிளையில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நீர்ப்பறவைக்கு மரத்தில் என்ன வேலை என்று முதல்முறை திகைத்துப் போனேன். இந்தக் காலுக்கு ஒரு விலையும் உண்டு. தண்ணீரில் இறங்கியதும் துடுப்புக்குப் பதில் குச்சியை வைத்துத் தள்ளுகிற கதைதான். ஒவ்வொரு தள்ளலுக்கும் தலை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடுகிறது. தொலைவிலிருந்து நிறம் தெரியாவிட்டாலும் அந்தத் தலையாட்டலைக் கொண்டே தாழைக்கோழி என்று சொல்லிவிடலாம்.

நாமக்கோழியின் ஒவ்வொரு விரலிலும் கணுவுக்குக் கணு அகன்ற தோல் மடல்கள். நெல்லிக்காய்களை நசுக்கி வரிசையாகக் கோத்த மாதிரி இருக்கும். காலைப் பின்னுக்குத் தள்ளும்போது மடல்கள் விரிந்து நீரைப் பிடிக்கின்றன. முன்னே இழுக்கும்போது மடிந்து நீருக்கு வழிவிடுகின்றன. வாத்தின் கால் விரல்களுக்கிடையே ஒரே சவ்வைக் கட்டி இதே வேலையைச் செய்கிறது. நாமக்கோழியின் முன்னோர் வேறு வழியில், விரலுக்கு விரல் தனித்தனியே மடல் வளர்த்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். உடலும் கனம், 600 முதல் 900 கிராம் வரை போகும். சிறு துள்ளு துள்ளித் தலைகீழாக மூழ்கும். வேலம்பாசியைப் பிடுங்கிக்கொண்டு, அமுக்கி விட்ட நெட்டிபோல 'பொளக்' என்று மேலே வரும். சில வலசை வாத்துகள் இதற்காகவே பக்கத்தில் காத்திருக்கும். தாங்கள் மூழ்கி எடுக்க முடியாத பாசியை நாமக்கோழி மேலே கொண்டுவந்ததும் வாயிலிருந்தே பறித்துக்கொள்ளும். நாமக்கோழி சண்டை போடும், பிறகு மறுபடியும் மூழ்கும்.

ஆக, பெரியவரின் கேள்விக்கு முதல் பாதி விடை இதுதான். நாமக்கோழியின் சோறு நடுவில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தாழைக்கோழியின் சோறு நீரும் நிலமும் உரசும் இடத்தில், விதையும் குருத்தும் நத்தையும் புழுவுமாகக் கிடக்கிறது. மறுபாதி விடை அன்றைக்கே, ஏழரை மணிக்கு, ஆகாயத்தில் வந்தது.

சேற்றுப் பூனைப்பருந்து. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து நம் ஏரிகளில் ரோந்து போகும் பறவை. இறக்கையைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு சம்புத் தலைகளை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வந்தது. ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த தாழைக்கோழிகள் மூன்று. அவை வாலை வெடுக் வெடுக்கென்று உயர்த்தின. அடிவாலின் இரு பக்கத்து வெள்ளையும் மின்னி மறைந்தது. அடுத்த நொடி மூன்றையும் காணோம். இந்த வாலாட்டம் கூட்டாளிகளுக்கு எச்சரிக்கை என்றுதான் முன்பு நினைத்தார்கள். 'உன்னைப் பார்த்துவிட்டேன், இனி நீ வந்து பயனில்லை' என்று வேட்டைப் பறவைக்கே சொல்லும் சேதி அது என்ற விளக்கத்துக்கும் ஆய்வாளர்கள் ஆதரவு கண்டிருக்கிறார்கள். புதருக்குப் போக நேரமில்லையென்றால் தாழைக்கோழி தண்ணீருக்குள் அமிழ்ந்து, செடியைக் காலால் பற்றிக்கொண்டு, மூச்சுக்கு அலகை மட்டும் வெளியே நீட்டியபடி கிடப்பதும் உண்டு.

நடுவில் இருந்தவற்றுக்கு ஒளிய இடம் ஏது? கலைந்து மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கறுப்புப் பாயாக ஆகிவிட்டன. பருந்து மேலே வட்டமிட்டபோது அந்தப் பாயின் ஓரங்கள் தண்ணீரை வாரி அடித்தன. தனியாக ஒன்று பிரிந்தால்தான் பருந்துக்கு வேட்டை. ஐந்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் பிரியவில்லை. புதர் ஒருவருக்குக் கோட்டை என்றால் மற்றவருக்குக் கூட்டமே கோட்டை. ஆகவேதான் தாழைக்கோழிகளை இரண்டு மூன்றாகவும், குளிர்காலத்து நாமக்கோழிகளை நூற்றுக்கணக்கிலும் பார்க்கிறோம்.

இனப்பெருக்கக் காலத்தில் இந்தக் கூட்டணியெல்லாம் உடைந்துவிடும். நாமக்கோழி இணை இணையாகப் பிரிந்து எல்லை பிடிக்கும். நேற்றுத் தோளோடு தோள் நின்ற பறவையை இன்று மல்லாந்து காலால் உதைக்கும். சண்டையில் தாழைக்கோழியும் சளைத்ததில்லை, அதுவும் காலால்தான் அடிக்கும். ஆனால் அதன் குடும்பத்தில் ஆய்வாளர்களை வியக்கவைத்தது சண்டையைவிடச் சண்டைக்கான காரணம். இங்கிலாந்தில் தாழைக்கோழிகளை ஆராய்ந்த மேரியன் பெட்ரி 1983இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, பெண் தாழைக்கோழிகள் ஆணுக்காகப் போட்டியிடுகின்றன என்று காட்டியது. அவை போட்டியிட்டது உருவில் பெரிய ஆணுக்காக அல்ல, குள்ளமாகக் கொழுத்த ஆணுக்காக. அடைகாக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஆணுடையது. உடலில் கொழுப்புச் சேமிப்பு உள்ளவன் பசி தாங்கி நெடுநேரம் முட்டைமேல் உட்காருவான். மாப்பிள்ளை பார்க்கும்போது தாழைக்கோழி கணக்கிடுவது அழகை அல்ல, உட்காரும் திறனை. முதல் ஈட்டில் பிறந்த குஞ்சுகள் வளர்ந்து அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதும் உண்டு. கூட்டுக் குடும்பம்தான்.

நாமக்கோழி வீட்டில் கண்டிப்பு அதிகம். குஞ்சு பொரித்தவுடன் அதன் தலை மொட்டைச் சிவப்பு, கழுத்தைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாய்ச் சிலிர்த்த தூவி. கறுத்த பெற்றோருக்கு இப்படியொரு பகட்டான பிள்ளையா என்று தோன்றும். அமெரிக்க நாமக்கோழி என்னும் நெருங்கிய உறவினத்தில் புரூஸ் லயன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பாதிக் குஞ்சுகளின் வண்ணத் தூவி நுனிகளைக் கத்தரித்துக் கறுப்பாக்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டார்கள். இரண்டும் கலந்திருந்த கூடுகளில் பெற்றோர் வண்ணக் குஞ்சுகளுக்கே அதிகம் ஊட்டின. 1994இல் 'நேச்சர்' இதழில் வந்தது அந்த ஆய்வு. 2003இல் அதே லயன் இன்னொன்றையும் எழுதினார். பக்கத்துக் கூட்டுக்காரி திருட்டுத்தனமாக முட்டையிட்டுப் போனால், சில நாமக்கோழிகள் அந்நிய முட்டையை நிறத்தால் அடையாளம் காண்கின்றன. தம் முட்டைகளை மட்டும் எண்ணிப் போதும் என்று நிறுத்திக்கொள்கின்றன. எண்ணத் தெரிந்த பறவை என்று இதைச் சொல்லலாமா என்பதில் எனக்குத் தயக்கமிருந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே எண்ணுதல் என்ற சொல் இருக்கிறது. தயக்கத்தை விட்டுவிட்டேன்.

சரி, ஏரிக்கு வருவோம். இந்த இரண்டு பறவைகளையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் எங்கும் இருக்கும் சாதாரணப் பறவைகள். உலக அளவில் அழியும் அபாயம் இல்லாதவை என்ற பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அவை ஏரியின் உடல்நிலையைச் சொல்கின்றன.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரி தொட்டி அல்ல, சாய்த்து வைத்த தாம்பாளம். ஒரு பக்கம் கரை போட்டு மறித்திருப்பார்கள், ஆழம் அங்கேதான். எதிர்ப்பக்கம் உள்வாய். நிலம் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். நூறு அடிக்கு ஓர் அடி உயரும் உள்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் நூறு அடி அகலத்துக்கு ஈரச்சேறு வெளிப்படும். கோரையும் சம்பும் அங்கே முளைக்கும், தாழைக்கோழி அங்கே மேயும். அதே உள்வாயில் பொக்லைன் இறக்கிச் செங்குத்தாகக் குழி வெட்டினால் நீர் ஓர் அடி இறங்கினாலும் வெளிப்படுவது ஓரிரு அடிச் சுவர்தான். கொள்ளளவுக் கணக்கில் ஏரி பெருத்திருக்கும். ஓரம் செத்திருக்கும். அந்த ஏரியில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும், தாழைக்கோழி இருக்காது.

இதற்கு எதிர்த்திசை நோயும் உண்டு. ஊர்ச் சாக்கடை வந்து கலந்து, ஆகாயத்தாமரை மூடி, காட்டாமணக்கு நடுவரை நடந்து வந்துவிட்ட ஏரி. நீர் தெரியாது. அங்கே தாழைக்கோழி இலைமேல் ஒய்யாரமாக நடந்து திரியும், நாமக்கோழிக்கு மூழ்க இடமிருக்காது. இரண்டும் ஒரே காலையில் ஒரே ஏரியில் கண்ணில் பட்டால், நடுவும் உயிரோடு இருக்கிறது, ஓரமும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

தூர் வாருவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உத்திரமேரூரில் நின்று அதைச் சொல்லவும் முடியாது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் வயிரமேகன் என்ற பட்டப்பெயரால் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்று குறிக்கப்படும் ஏரியைப் பேணிய ஊர் இது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்து ஓலை எடுத்து, ஆறு பேரை ஏரி வாரியத்துக்கு அனுப்பினார்கள். பதவிக்காலம் 360 நாள். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு வாரியம்! கூடையும் மண்வெட்டியும் கொண்டு ஆண்டுக்காண்டு செய்த பராமரிப்பில் தாம்பாளம் தாம்பாளமாகவே நீடித்தது என்று நினைக்கிறேன். 2017 மார்ச்சில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியபோது பெயர் பழையது, இயந்திரம் புதிது. வண்டல் எடுப்பதற்கும் கிராவல் எடுப்பதற்கும் நடுவில் உள்ள கோடு மண்வெட்டிக்குத் தெரிந்த அளவுக்குப் பொக்லைனுக்குத் தெரிவதில்லை. வண்டல் மேலே ஒரு முழம். அதற்குக் கீழே தோண்டுவது ஏரிக்காக அல்ல, வீட்டுமனைக்காக. உள்வாயில் சம்பு நிற்கும் ஒரு பக்கத்தையாவது தொடாமல் விட்டால் பாசனத்துக்கு நட்டம் பெரிதாக வராது என்பது என் எண்ணம்.

பறவைக் கணக்கெடுப்பும் ஓரத்துக்கு நியாயம் செய்வதில்லை. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரைமேல் நின்று தொலைநோக்கி வைத்து எண்ணுகிறோம். திறந்த நீரில் மிதக்கும் நாமக்கோழி ஒன்றுகூடத் தப்பாது. சம்புக்குள் இருக்கும் தாழைக்கோழியில் எண்ணிக்கைக்கு வருவது வெளியே தலைகாட்டியது மட்டும். ஓர் ஏரியின் பட்டியலில் நாமக்கோழி 300, தாழைக்கோழி 4 என்று இருந்தால், அந்த 4 பறவையின் எண்ணிக்கையா, எண்ணியவரின் பொறுமையா? நான் எழுதிக் கொடுத்த தாள்களையும் சேர்த்தேதான் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம், கணக்கு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு ஓரத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. 'க்ர்ர்ரூக்' என்று திடீரென ஒரு குரல் வரும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும்.

அந்தக் குரலைப் போலச் செய்து கண்ணிக்கு இழுப்பவர்களும் இருக்கிறார்கள். நீர்க்கோழி என்ற பொதுப்பெயரில் சாலையோரத்தில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதைப் பார்த்திருக்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

பங்குனியில் மறுபடி போனேன். ஏரி சுருங்கிவிட்டிருந்தது. ஜனவரியில் நாமக்கோழிக் கூட்டம் கிடந்த இடம் முழங்கால் ஆழக் குட்டை. மதகுப் பக்கத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்து, தாழைக்கோழியின் பழைய தடங்கள் சுட்ட செங்கல்லில் பதிந்ததுபோல இறுகிப் போயிருந்தன. மதகுக்குக் கீழே கால்வாயில் தேங்கிய நீரில், காட்டாமணக்கு நிழலில், தாழைக்கோழி ஒன்று வாலை வெட்டிக்கொண்டு மேய்ந்தது.

குட்டையின் விளிம்பில் புதுத் தடங்கள் தெரிந்தன. குனிந்தேன். முன்னே மூன்று, பின்னே ஒன்று, ஆனால் ஈர்க்குச்சி இல்லை. விரலுக்கு விரல் கோத்த நெல்லிக்காய்கள். சேற்றில் நன்றாக அமுங்கிப் பதிந்திருந்தன. தண்ணீரிலிருந்து ஏறி ஏழெட்டு அடி நடந்து, திரும்பித் தண்ணீருக்கே போயிருக்கிறது. குட்டையில் ஒரு பறவையும் இல்லை.

பெரியவர் மாடுகளோடு வந்தார். தடத்தைக் காட்டி, "நாமக்கோழி ஓரத்துக்கு வந்திருக்கு பாருங்க" என்றேன். அவர் தடத்தைப் பார்க்கவில்லை, குட்டையைப் பார்த்தார்.

"அதுங்க நேத்து ராத்திரியே பூடுச்சி சார்."